இரத்த உறவில் ஒருவர்

பத்தரைக்கெல்லாம் கூப்பிட்டுவிடுவார்கள் என்று வக்கீல் குமாஸ்தா சொல்லியிருந்தார், இப்போது பதினொன்று பத்து, இன்னும் கூப்பிடவில்லை, அதில் அமராவதிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கூப்பிடாமலேயே இருந்தாலும் நல்லதுதான். சாயங்காலம் வரை இந்தக் கோர்ட் வராந்தாச் சிமெண்டு பெஞ்சில் இப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறித் திருப்பூர் போய்ச் சேரலாம், கேட்கிறவர்களிடம் கூப்பிடவே இல்லை என்று சொல்லலாம், சொன்னால் அதில் பொய்யும் இருக்காது. மடியில் துணிப்பை. பைக்குள் வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, மூன்று போட்டோ. கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், வரி ரசீது இருந்தது, ஆதார் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, போட்டோவை எண்ணுவதற்குள் ஏற்கெனவே இரண்டு தடவை எண்ணியது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை மறுபடி உள்ளே போனது. தம்பி தவசி உள்ளே போய்ப் பதினொரு மாதம். வேனில் ஏற்றிப்போன ஐந்து மூட்டை பனியன் வேஸ்டுத் துணிக்குள் முப்பத்தொரு கிலோ கஞ்சா இருந்தது என்று கேஸ். கீழ்க் கோர்ட்டில் மூன்று தடவை ஜாமீன் இல்லை என்றார்கள், போன வாரம் ஹைகோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த காகிதத்தில் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. பதினேழு வருசம் குடும்பம் நடத்தின பெண்டாட்டி இரத்த உறவு இல்லையாம். அப்பா அம்மா இல்லை, தவசிக்குப் பிள்ளையும் இல்லை, ஆக, உலகத்தில் அவனுக்கு மிச்சமிருந்த இரத்தம் இவள் ஒருத்திதான்.

தவசியின் பெண்டாட்டி செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். ஹைகோர்ட் உத்தரவு வந்த அன்று கம்பெனி வாசலுக்கே வந்து சொன்னவள் அவள்தான். அமராவதி அப்போது டீ நேரத்துக்கு வெளியே வந்திருந்தாள், கையில் டீ, தலைமுடியிலும் இமையிலும் பஞ்சுத் துகள். ஜாமீன் கிடைச்சிருச்சு மதினி என்று செண்பகம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள், டீ சிந்தியது, சுட்டது, சுட்டதுகூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒங்களுக்குச் சந்தோசமா இல்லியா மதினி என்று செண்பகம் கேட்டாள். இல்லாம என்ன என்றாள் அமராவதி. பிறகு மணி அடித்துவிட்டது, உள்ளே போய்ச் சாயங்காலம் வரை பனியனில் நூல் பிசிறு வெட்டினாள். அறுநூறு பீஸ் வெட்டினாள் என்று மறுநாள் சூப்பர்வைசர் சொன்னான். அவளுக்கு ஒரு பீஸ்கூட ஞாபகத்தில் இல்லை.

"ஏனுங்க்கா, வரி ரசீது ஒரிஜினல்தானுங்களே?" குமாஸ்தா பழனிச்சாமி கட்டுக்காகிதங்களோடு வந்து நின்றார். இதோடு நாலாவது தடவை கேட்கிறார்.

"ஒரிஜினல்தாங்க."

"ஜெராக்ஸ் கொண்டாந்துட்டு ஒரிஜினல்ங்கிறாங்க சில பேரு. போன வாரம் ஒருத்தரு கரண்டு பில்ல வீட்டு வரின்னு நீட்டிப்போட்டாரு. ஜட்ஜம்மா பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை, எனக்குத்தேன் வேர்த்துப் போச்சு."

இரண்டாவது ஜாமீன்காரர் ஆரோக்கியம், தவசியோடு வேன் ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர், தூணில் சாய்ந்து நின்றவர் சிரித்தார். "என்னையும் ஒருவாட்டி நல்லாப் பாத்துக்குங்க குமாஸ்தா. நானும் ஒரிஜினல்தான்."

"உங்களையப் பார்த்தா அக்யூஸ்டாட்டவே இருக்குதுங்க. முன்னாடி போயி நிக்காதீங்க, உங்களைய உள்ள போட்டு அவர வெளிய விட்றப் போறாங்க."

செண்பகம்கூடச் சிரித்தாள். அமராவதியும் சிரித்தாள் என்றுதான் நினைத்தாள், ஆனால் முகத்தில் ஒன்றும் அசைந்ததாகத் தெரியவில்லை. குமாஸ்தா போகிற போக்கில் திரும்பி, "அம்மா எதுனாக் கேட்டாங்கன்னா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேக்காதத நீங்களா எடுத்து விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டதுக்கு மட்டும். என்ன கேட்பார்கள். இந்த ஒரு வாரமாக அவள் யோசித்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான், வேறெதை யோசித்தாலும் சுற்றிக்கொண்டு அங்கேயேதான் வந்து நிற்கிறது. உங்கள் தம்பிக்குத் தெரியுமா என்று கேட்பார்களா. மூட்டைக்குள்ளே என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியுமா என்று. தெரியாதுங்கம்மா என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தாள், வாய்க்குள்ளேயே, தெரியாதுங்கம்மா, தெரியாதுங்க, அவன் வண்டி ஓட்டுறவனுங்க, ஏத்தினத எறக்குவானுங்க. ஹைகோர்ட்டில் வக்கீல் சொன்னதும் அதுதான். வக்கீல் திருப்பூர் வந்தபோது செண்பகத்தையும் இவளையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். இருபது கிலோவுக்கு மேலே போயிட்டா சட்டமே வேறம்மா, மத்த கேஸ் மாதிரி இல்ல, ஜட்ஜுக்கு ரெண்டு நம்பிக்கை வரணும், ஒண்ணு, இவன் குத்தம் செஞ்சிருக்க மாட்டான்னு நம்பணும், ரெண்டு, வெளிய விட்டா மறுபடி செய்ய மாட்டான்னு நம்பணும், ரெண்டும் வந்தாத்தான் ஜாமீன், அந்த நம்பிக்கைய வரவைக்கிறது லேசு இல்ல. அப்புறம் எப்படி சார் வந்துச்சு என்று செண்பகம் கேட்டாள். வக்கீல் சிரித்தார். மூட்டைதாம்மா காப்பாத்துச்சு என்றார். போலீஸே எழுதின மகசர்ல, பறிமுதல் காகிதத்துல, இருக்கு, அஞ்சு மூட்டை வாயும் தைத்தபடி இருந்தது, பிரித்ததற்கான அடையாளம் இல்லைன்னு. அதுல ஒரு மூட்டை மடிச்சு மடிச்சு ரெட்டைத் தையல் போட்டு கம்பெனி பேக்கிங் மாதிரியே இருந்துச்சாம், போட்டோ இருக்கு, அதைக் காட்டினேன். இப்படித் தச்சு வந்த மூட்டையை வாடகைக்கு வண்டி ஓட்டுறவன் பிரிச்சா பார்ப்பான்னு கேட்டேன். ஜட்ஜ் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார்.

அமராவதி அப்போது எழுந்து போய் வக்கீலுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் கேட்கவில்லை. கொடுத்த பிறகு இன்னொரு சொம்பு கொண்டுவந்தாள்.

அது பதினொரு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று இருக்கும், கரண்டு இல்லை, மகள் சௌமியா உள்ளே வெக்கைக்குத் தரையில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் தவசி ஐந்து மூட்டையைக் கொண்டுவந்து முன்பக்கத் தகரக் கொட்டகையில் இறக்கியிருந்தான். ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்க்கா, பார்ட்டி குடோன் சாவியோட ஊருக்குப் போயிட்டான் என்றான். இருக்கட்டும் என்றாள். திருப்பூரில் வேஸ்ட் மூட்டை கிடக்காத வாசல் எது. துணி துவைக்கத் தண்ணீர் எடுத்துவந்தவள் கண்ணில் அது பட்டது, ஓரத்து மூட்டையின் வாய் பாதி பிரிந்து கிடந்தது, சிவப்பும் கிளிப்பச்சையுமாக ரிப் துணித் துண்டுகள் வெளியே தொங்கின. யாரோ அவசரத்தில் பெரிய பெரிய தையலாகச் சணலால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வருசம் பிசிறு வெட்டின கைக்கு அதைப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போக முடியாது. குடத்தை வைத்துவிட்டுத் தொங்கின துண்டுகளை உள்ளே தள்ளினாள். உள்ளே போன கை கெட்டியாக ஒன்றில் இடித்தது. வேஸ்டுக்குள் கெட்டியாக ஒன்றும் இருக்காது, வேஸ்ட் என்றால் அமுங்கும், எவ்வளவு அடைத்தாலும் அமுங்கும். துண்டுகளை விலக்கினாள். காக்கி டேப் சுற்றின கட்டி, செங்கல் அளவுக்கு, அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. மழையில் நனைந்து காய்ந்த வைக்கோல் மாதிரி, அதுவும் இல்லை, துளசியைக் கசக்கி மறந்துபோய் வைத்துவிட்ட மாதிரி ஒரு வாடை. அது என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று தெரியாது. குடத்தில் தண்ணீர் ஆடாமல் நின்றது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்க் கோணி ஊசியும் நூலும் எடுத்துவந்தாள். அந்த இடத்தில்தான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்து மாட்டிக்கொள்கிறது. ஏன் எடுத்துவந்தாள். கத்தியிருக்கலாம். தம்பிக்குப் போன் போட்டு வந்து எடுத்துட்டுப் போடா என்றிருக்கலாம். அப்படியே விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போயிருக்கலாம். உட்கார்ந்து, சணலை வெட்டி எடுத்துவிட்டு, வாயை ஒரு மடிப்பு மடித்து, அதன்மேல் இன்னொரு மடிப்பு, கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த ஊதா நூலை நாலு புரியாகச் சேர்த்து, நெருக்கி நெருக்கி, போன தடத்திலேயே திரும்பி வந்து ரெட்டைத் தையல் போட்டாள். பிசிறு இல்லாமல் தைத்தாள். கடைசியில் நூலைப் பல்லால் கடித்தாள். தைக்கிற நேரம் முழுக்க மனசில் ஒன்றுமே இல்லை, அது நிஜம், தையல் நேராகப் போக வேண்டும் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

சாயங்காலம் தவசி வந்தான். கொட்டகைக்குள் போனவன் அந்த மூட்டைக்கு முன்னால் நின்றான். யாருக்கா தச்சது என்றான். நான்தான், வாய் பிரிஞ்சு கெடந்துச்சு என்றாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள், உள்ளே சௌமியா செல்போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் தையல்மேல் விரலை ஓட்டி, நல்லாத் தச்சிருக்கக்கா என்றான். டீ குடிக்கிறியா என்றாள் இவள். குடித்தான். அவ்வளவுதான். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அதைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை ஏற்றிக்கொண்டு போனான், செக்போஸ்டில் பிடித்துவிட்டார்கள்.

ஜட்ஜ் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாராம். அதில் என்ன பார்த்திருப்பார். நூலைப் பார்த்திருப்பாரா. அது கம்பெனி நூல் என்று தெரிந்திருக்குமா, அந்த ஊதா கலர் போன வருசம் எந்தக் கம்பெனியில் எந்த ஆர்டருக்கு ஓடியது என்று விசாரித்தால் தெரிந்துவிடும், அந்த ஆர்டரில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் தெரிந்துவிடும், ஆனால் அவர் அப்படிப் பார்க்கவில்லை, ஒழுங்காகத் தைத்திருக்கிறது என்று பார்த்தார், ஒழுங்காகத் தைத்த மூட்டைக்குள் இருப்பது வண்டிக்காரனுக்குத் தெரியாது என்று நம்பினார். அவர் நம்பியது இவள் தைத்ததை. பெரிய படிப்புப் படித்தவர். இவள் ஆறாவதோடு நின்றவள், அருப்புக்கோட்டையிலிருந்து அம்மாவோடு பஸ் ஏறி வந்த மூன்றாம் நாளே கையில் கத்தரி கொடுத்துவிட்டார்கள், தவசி அப்போது கைப்பிள்ளை. இவள் தைத்ததைப் பார்த்து ஹைகோர்ட்டு நம்பிவிட்டது. நினைக்கும்போது சிரிப்பு வர வேண்டும், வரவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து இடது கால் மரத்துப்போயிருந்தது, அதைத்தான் அமுக்கிவிட்டுக்கொண்டாள்.

படிக்கட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பின்னால் இன்னும் இரண்டு பேர் இன்னொரு மூட்டையோடு. வாயில் அரக்கு முத்திரை, கழுத்தில் சீட்டு. மூட்டைகளை அவளுக்கு எதிர்ச் சுவரோரம் இறக்கிவைத்துவிட்டு ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நாமளே இதக் கொஞ்சம் அடிச்சாத்தான் தூக்க முடியும்போல" என்றார். இன்னொருவர், "மெதுவாய்யா, அம்மா காதுல விழுந்துச்சு, ஒன்னையும் கூண்டுல ஏத்திருவாங்க" என்றார். அமராவதி வாயைப் பார்த்தாள், மூட்டையின் வாயை. பச்சை நூல், ஒற்றைத் தையல். அடுத்த மூட்டை, சணல். இல்லை. இது வேற கேஸ். இல்லை என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள், சணல் தையலில் நடுவில் ஒன்று விட்டுப்போயிருந்தது, அந்த இடத்தில் சாக்கு வாய் மீன் வாய்போலத் திறந்திருந்தது, அதை யாராவது இழுத்துக் கட்டலாம் என்று கை தானாக மடியில் அசைந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டால் என்ன ஆகும். மூட்டை எங்கே இருந்தது என்று கேட்டால். எங்க வீட்டுக் கொட்டகையிலங்கம்மா. யார் தைத்தது. நான்தாங்கம்மா. அதோடு இவளையும் உள்ளே கொண்டுபோய்விடுவார்கள், அவன் ஜாமீனும் போய்விடும், சௌமியா கல்லூரி முடிந்து வந்து வீட்டுச் சாவி எங்கே என்று தேடுவாள். கேட்காவிட்டால் என்ன ஆகும். அவன் வெளியே வருவான். வந்தால் இவள் வீட்டுக்குத்தான் வருவான், செண்பகம் வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டு அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், உத்தரவில் தங்குகிற முகவரி என்று இவள் வீட்டைத்தான் போட்டிருக்கிறது, தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து மீதி நாள் முழுக்க என்ன செய்வான். கொட்டகை இருக்கிறது. அந்த இரண்டாவது நம்பிக்கை இருக்கிறதே, மறுபடி செய்ய மாட்டான் என்று, அதை யார் அந்த ஜட்ஜுக்குக் கொடுத்தது, எதைப் பார்த்துக் கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்தாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. இளைத்திருந்தான், தாடைக்குக் கீழே வெள்ளை முடி. அவன் ஏதோ சொன்னான், என்ன என்று காதில் கை வைத்துக் காட்டினாள், மறுபடி சொன்னான், அப்போதும் கேட்கவில்லை, சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். எதற்குச் சரி என்றாள் என்று இதுவரை தெரியவில்லை. இனிமே செய்ய மாட்டேன்க்கா என்று சொல்லியிருக்கலாம். தையலைப் பத்திச் சொல்லிராதக்கா என்று சொல்லியிருக்கலாம். பனியன் ரெண்டு கொண்டாக்கா என்றுகூடச் சொல்லியிருக்கலாம். புருசன் செத்த அன்று அவள் வீட்டுக்கு முதலில் வந்து நின்றவன் அவன்தான், பிணத்தைக் குளிப்பாட்டினதும் அவன்தான், சௌமியா சடங்குக்குத் தாய்மாமனாகத் தட்டு வைத்தவனும் அவன்தான், அதெல்லாம் இருக்கிறது. காக்கி டேப் சுற்றின செங்கலும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூட்டையில் இருக்கிற மாதிரி, கையை விட்டால் இதுவும் படுகிறது அதுவும் படுகிறது. முப்பத்தொரு கிலோ எத்தனை பிள்ளைகள் வாய்க்குப் போயிருக்கும் என்று ஒருநாள் டிவியில் ஒரு போலீஸ் அதிகாரி கணக்குச் சொன்னார், எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள்.

"தண்ணி குடிங்க மதினி" என்று செண்பகம் பாட்டிலை நீட்டினாள். "ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு. பயப்படாதீங்க. தம்பிக்கு அக்கா ஜாமீன் நிக்கிறதுல என்ன இருக்கு."

"பயமெல்லாம் இல்ல."

"நான் நிக்க முடிஞ்சா நானே நின்னுருப்பேன். இத்தன வருசம் ஆக்கிப் போட்டதுக்கு ரத்தம் இல்லன்னுட்டாங்க."

"அமராவதி! ஆரோக்கியம்! தவசி ஜாமீன்தாரர்கள்!" கோர்ட் பியூன் வாசலில் வந்து கத்தினார்.

எழுந்தபோது இடது கால் தன்னுடையது இல்லைபோல மடங்கியது, ஆரோக்கியம் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மின்விசிறிகள் உயரத்தில் சுற்றின, கீழே காற்று வரவில்லை. மேலே நீதிபதி அம்மா, நாற்பது வயது இருக்கும், மூக்கில் சின்னதாக ஒற்றைக் கல் மூக்குத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத அந்த முகம் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருந்தது, அதுதான் பயமாக இருந்தது, கேட்டால் சொல்லிவிடுவோமோ என்று. தெரியாதுங்கம்மா. தெரியாதுங்கம்மா. அவன் வண்டி ஓட்டுறவனுங்க.

"உங்க பேரு?"

"அமராவதிங்கம்மா."

"அப்பா பேரு?"

"சங்கரலிங்கங்கம்மா. இப்ப இல்லீங்க."

"எதிரி உங்களுக்கு என்ன வேணும்?"

ஒரு நொடி புரியவில்லை. எதிரி என்று தவசியைத்தான் சொல்கிறார்கள். "தம்பிங்கம்மா. கூடப் பெறந்தவன்."

"வீடு உங்க பேர்லதான் இருக்கா?"

"ஆமாங்கம்மா."

"கேஸ் முடியற வரைக்கும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் கோர்ட்டுக்கு வரணும். வரலைன்னா உங்களைத்தான் கேட்போம். புரியுதா?"

"புரியுதுங்கம்மா."

"வருவாரா?"

வருவான். அது மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை, வரச் சொன்ன இடத்துக்கு வருவான், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பான், சின்னதிலிருந்து அப்படித்தான். "வருவானுங்கம்மா."

நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி ரசீதை ஒரு தடவை, போட்டோவை ஒரு தடவை, அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். இப்போது, இப்போது கேட்பார். நீதிபதி தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். "கையெழுத்து வாங்கிக்கோங்க. அடுத்தவர்" என்றார்.

அவ்வளவுதான். அவள் நகராமல் நின்றாள். இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பெஞ்சு கிளார்க் மேசையைத் தட்டினார். கையெழுத்துப் போட்டாள், மூன்று இடத்தில், அ-வில் ஆரம்பித்து மெதுவாக. பிறகு போட்டோவுக்குப் பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார் கிளார்க். எடுத்துப் பார்த்தார். கறுப்பாக ஒரு திட்டு, கோடே இல்லை.

"கையைத் துடைச்சுட்டு வைங்கம்மா."

துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி திட்டு.

"என்னம்மா இது, ரேகையே விழ மாட்டேங்குது?"

"பனியன் கம்பெனிங்க" என்றாள். "ரேசன் கடையிலயும் விழாதுங்க. கத்திரியும் துணியும் புடிச்சுப் புடிச்சுத் தேஞ்சு போச்சுங்க."

கிளார்க் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவள் விரலைத் தன் கையில் பிடித்து, மை கொஞ்சமாக எடுத்து, ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு மெல்ல உருட்டினார். ஓரத்தில் நாலு கோடு விழுந்தது. "இது போதும்" என்றார். அவர் பிடித்திருந்தது அவளுக்குத் தெரிந்தது, அழுத்தினதும் தெரிந்தது, ஆனால் விரல் நுனியில் காகிதம் பட்டது தெரியவில்லை.

உத்தரவு டைப் அடித்துக் கையெழுத்தாகி வர மூன்றரை ஆகிவிட்டது. ஆரோக்கியம் வண்டி வாடகை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார். கோர்ட் வாசலில் வேப்பமரத்து நிழலில் இருவரும் நின்றார்கள். வாங்கின பொட்டலச் சோற்றைச் செண்பகம் பாதி சாப்பிட்டாள், அமராவதி பிரிக்கவில்லை. குமாஸ்தா காகிதத்தை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டே வந்தார். "அஞ்சு மணிக்குள்ளார ஜெயில்ல சேர்த்துப்போட்டா இன்னைக்கே விட்ருவாங்க. தாண்டுச்சுன்னா நாளைக்குத்தேன். ஒரு நிமிசம், ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தர்றனுங்க" என்று ரோட்டைத் தாண்டிப் போனார்.

செண்பகம் அழுதாள். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல் அழுதாள். "பாத்தீங்களா மதினி. பதினோரு மாசம் கம்பிக்குள்ள. கடைசில ஜட்ஜே நம்பிட்டாங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

"அவனுக்குத் தெரியும்த்தா."

சொன்னது தன் குரல்தான் என்று அமராவதிக்குச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்காததை எடுத்து விடாதே என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாகக் கூண்டுக்கு முன்னால் நின்று சொல்லாமல் இருக்கப் பழகின சொல், கூண்டும் இல்லாமல் கேள்வியும் இல்லாமல், வேப்பமரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறபோது வந்து விழுந்துவிட்டது. செண்பகம் இப்போது கத்துவாள் என்று நினைத்தாள், கன்னத்தில் அறைவாள் என்றுகூட நினைத்தாள், அறைந்தால் நல்லது என்றும் இருந்தது.

செண்பகம் கத்தவில்லை. இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், கேட்டுக்கு அருகில் இரண்டு போலீஸ்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நெருங்கி வந்து நின்றாள்.

"மெதுவாப் பேசுங்க மதினி."

அமராவதி அவளைப் பார்த்தாள். கண்ணீர் இன்னும் காயாத முகம், கண் மட்டும் காய்ந்திருந்தது.

"ஒனக்கு எப்பலருந்து தெரியும்?"

"மொதல்லருந்தே."

"அப்புறம் எதுக்கு இப்பிடி ஓடின, பதினோரு மாசமா? வக்கீலு வக்கீலா?"

"நீங்க எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

அதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டுத் துழாவுகிற மாதிரிதான் இருந்தது, ஒன்றும் தட்டுப்படவில்லை, மெத்துமெத்தென்று எல்லாம் அமுங்கிக்கொண்டே போனது. செண்பகம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, அமராவதி கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தன் பையில் வைத்தாள். "அவரு சாப்புட்டுருக்க மாட்டாரு" என்றாள்.

குமாஸ்தா ஆட்டோவோடு வந்துவிட்டார், டிரைவருக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஏறுங்க ஏறுங்க என்றார். ஏறினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஜெயிலுக்குங்களா? பார்க்கற டைம் முடிஞ்சிருக்குமேங்க்கா?" என்றான்.

"பாக்கப் போகல" என்றாள் அமராவதி. "கூட்டிட்டு வரப் போறோம்."

சிக்னலில் நாலைந்து வண்டிகள் நின்றன, ஆட்டோவும் நின்றது. மணி நாலு தாண்டியிருந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. செண்பகம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அமராவதி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"கொஞ்சம் வெரசாப் போங்க தம்பி" என்றாள். "அஞ்சு மணிக்குள்ள போயாகணும்."